வறள்நில மேலாண்மையில் வெளிநாட்டு முதுநிலைப் படிப்பு: வடசென்னை மாணவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர் பக்கத்திலிருந்து வெளிநாட்டு மேற்படிப்புக்கு யோசனை கேட்டு வருகிறவர்களில் பெரும்பாலோர் ஏதாவதொரு உதவித்தொகைப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டுதான் தொடங்குகிறார்கள். வறள்நில மேலாண்மை போன்ற சிறிய துறைக்கு அந்த வரிசை சரிப்படாது. இங்கே முதலில் கேள்வி, அடுத்துத் தகுதி, பிறகு இடமும் பேராசிரியரும், அதற்கும் பிறகுதான் பணம். ஆவண வேலை மட்டும் இவற்றோடு சேர்ந்து முதல் நாளிலிருந்தே நடக்க வேண்டும். வகுப்பு தொடங்கும் மாதத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டால் குறைந்தது பதினைந்து மாதங்கள் தேவை.

1. வறள்நிலம் எது என்பதை எண்ணால் தெரிந்துகொள்ளுங்கள்

வறள்நிலம் என்றதும் மணல்மேடும் ஒட்டகமும் நினைவுக்கு வந்தால், அந்தப் படத்தை முதலில் ஒதுக்கிவைக்க வேண்டும். பாலைவனமாதலைத் தடுப்பதற்கான ஐ.நா. உடன்படிக்கை, ஓரிடத்தில் ஆண்டுக்குப் பெய்யும் மழையை, அங்கே வெயிலும் காற்றும் மண்ணிலிருந்தும் பயிரிலிருந்தும் இழுத்துக்கொள்ளக்கூடிய நீரின் அளவால் வகுத்துப் பார்க்கிறது. விடை 0.05-க்கும் 0.65-க்கும் இடையில் இருந்தால் அந்த நிலம் உடன்படிக்கையின் வரம்புக்குள் வரும். அதற்குள் 0.20 வரை வறண்ட நிலம், 0.50 வரை அரை வறண்ட நிலம், எஞ்சியது ஓரளவே ஈரமுள்ள வறள்நிலம். 0.05-க்குக் கீழே போனால் அது மிகை வறண்ட பாலை.

ஓரிடத்தில் மழை 800 மி.மீ., வெயிலும் காற்றும் இழுக்கக்கூடிய நீர் 1,800 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் விடை 0.44, அதாவது அரை வறண்ட நிலம். நெல் விளையும் கண்மாய்ப் பாசன ஊர்களும் இந்தக் கணக்குக்குள் வரலாம் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும்.

இந்தக் கணக்கை முதல் படியாக வைத்ததற்குக் காரணம் உண்டு. ஆண்டுக்கு 1,400 மி.மீ. அளவில் மழை பெறும் சென்னையை “நான் வளர்ந்த வறண்ட பூமி” என்று நோக்க அறிக்கையில் (ஏன் இந்தப் படிப்பு என்று விண்ணப்பத்தோடு தரும் கட்டுரையில்) எழுதி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். கோடையில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நின்ற அனுபவம் உண்மைதான். ஆனால் அது விநியோகத்தின் தட்டுப்பாடு. வானிலையின் வறட்சி வேறு. இரண்டையும் குழப்பிய விண்ணப்பத்தைத் துறை அறிந்தவர் முதல் பத்தியிலேயே ஓரமாக வைத்துவிடுவார்.

2. நேரில் போய் நின்று பார்க்கக்கூடிய நிலத்திலிருந்து கேள்வியை எடுங்கள்

அப்படியானால் வடசென்னைக்காரருக்கும் வறள்நிலத்துக்கும் என்ன தொடர்பு? என் மதிப்பீட்டில் அந்தத் தொடர்பு உப்பு. மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்ததால் கடல்நீர் உள்ளே ஏறியது, ஆரணியாறு–கொசஸ்தலையாறு படுகையில் பல பத்தாண்டுகளாகப் பதிவாகிவரும் செய்தி. வறள்நிலங்களிலும் உப்புதான் பெரிய தொல்லை. ஆனால் அங்கே அது வரும் வழி வேறு: பாசன நீர் வெயிலில் ஆவியாக, அதில் கரைந்திருந்த உப்பு வடிகால் இல்லாத மண்ணிலேயே தங்கி, ஆண்டுக்கு ஆண்டு சேர்ந்துகொண்டே போகிறது. நோய் ஒன்று, காரணம் இரண்டு என்று எழுதத் தெரிந்த மாணவரிடம் ஒரு கேள்வி இருக்கிறது என்று பொருள்.

கேள்வி இருந்தால் மட்டும் போதாது, சொந்தமாக எடுத்த கொஞ்சம் தரவும் வேண்டும். மீஞ்சூர், அத்திப்பட்டு வட்டாரத்தில் சில கிணறுகளைத் தேர்ந்தெடுத்து, வடகிழக்குப் பருவமழைக்கு முன்பும் பின்பும் நீரின் மின்கடத்துத்திறனை அளந்து குறித்து வையுங்கள். நீரில் கரைந்த உப்பு கூடினால் இந்த அளவும் கூடும். தண்ணீர் கேன் கடைகளில் புழங்கும், நீரில் கரைந்துள்ள பொருள்களின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரை வைத்துக்கொண்டு நேரடியாக அளவெடுக்கப் போகிறவர்கள்தான் இங்கே சறுக்குகிறார்கள். அந்தக் கருவி உண்மையில் அளப்பது மின்கடத்துத்திறனை. அதை ஏதோ ஒரு எண்ணால் பெருக்கித்தான் பி.பி.எம். (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) காட்டுகிறது. ஒரு கருவியில் அந்த எண் 0.5 ஆக இருக்கும், மற்றொன்றில் 0.7 ஆக இருக்கும். ஒரே கிணற்று நீருக்கு இரண்டு கருவிகள் இரண்டு விடை சொல்வது இதனால்தான்.

ஆகவே மின்கடத்துத்திறனையே அதற்குரிய அலகான மைக்ரோசீமென்ஸில் காட்டும் கருவியாகப் பார்த்து வாங்க வேண்டும். அதை 1,413 மைக்ரோசீமென்ஸ் தரக் கரைசலில் முக்கிச் சரிபார்த்த பிறகே கிளம்ப வேண்டும். ஒவ்வோர் அளவோடும் தேதி, நேரம், நீரின் வெப்பநிலை, கிணற்றின் ஆழம், மோட்டார் எவ்வளவு நேரம் ஓடிய பிறகு நீர் பிடிக்கப்பட்டது ஆகியவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். குழாயில் தேங்கி நின்ற நீரைப் பிடித்து அளந்தால் அது நிலத்தடி நீரின் அளவாகாது. இவ்வளவு ஒழுங்காக எழுதப்பட்ட இரண்டு பக்கம், பெயருக்கு வாங்கிய ஒரு கட்டு இணையப் படிப்புச் சான்றிதழ்களைவிட உதவும்.

உப்பில் நாட்டமில்லாதவர்களுக்கு வேறு கேள்விகளும் உண்டு. தூத்துக்குடி மாவட்டத்துத் தேரிகளின், அதாவது செம்மணல் மேடுகளின், மணல் நகர்வு, இராமநாதபுரத்துக் கண்மாய்களை மூடியிருக்கும் சீமைக்கருவேலம், கோவில்பட்டிக் கரிசலின் மானாவாரிப் பயிர் ஆகியவை அப்படிப்பட்டவை. கோவில்பட்டியில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தானம் அறக்கட்டளை கண்மாய்ச் சீரமைப்பில் நீண்ட காலமாக ஈடுபட்டுவருகிறது. கல்லூரித் துறைத்தலைவரின் கடிதத்தோடு இத்தகைய இடங்களில் கோடை விடுமுறைக் களப்பயிற்சி கேட்டுப் பார்க்கலாம்.

இதோடு கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளையும், இஸ்ரோவின் புவன் தளத்தில் கிடைக்கும் நில வரைபடங்களையும் கையாளப் பழகிக்கொள்ளுங்கள். இஸ்ரோவின் விண்வெளிப் பயன்பாட்டு மையம் 2021-இல் வெளியிட்ட நிலச்சீரழிவு வரைபடத் தொகுப்பின்படி, 2018-19-இல் நாட்டின் பரப்பில் 29.77 சதவீதம், அதாவது 97.85 மில்லியன் ஹெக்டேர், சீரழிந்த நிலம். இந்த எண்ணை அறிக்கையில் எடுத்து ஒட்டுவதால் பயன் இல்லை. உங்கள் கேள்விக்குரிய வட்டாரம் அந்த வரைபடத்தில் எந்த வகையில் காட்டப்பட்டிருக்கிறது, நேரில் பார்த்தால் அது சரிதானா என்று சொன்னால்தான் பயன்.

3. உங்கள் பட்டத்துக்கு எங்கே தகுதி உண்டு என்று பாருங்கள்

நம் கலை அறிவியல் கல்லூரிகளில் பி.எஸ்சி. மூன்று ஆண்டுகள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவும் நான்காண்டு இளநிலையை எதிர்பார்க்கின்றன. ஐரோப்பாவில் சில இடங்களில் மூன்றாண்டுப் பட்டம் போதும், சில இடங்களில் போதாது. மூன்றாண்டுப் பட்டத்தோடு நிற்பவர்கள், இங்கேயே ஓர் எம்.எஸ்சி. முடித்துவிட்டு வெளியே இரண்டாவது முதுநிலைக்கோ முனைவர் பட்டத்துக்கோ போவது காலவிரயம் என்று எண்ண வேண்டியதில்லை. பல நேரங்களில் அதுவே குறுக்கு வழி.

பட்டப் பாடம் வேளாண்மையாகவோ சுற்றுச்சூழலாகவோ இருந்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. புவியியல், தாவரவியல், வேதியியல், சிவில் பொறியியல் படித்தவர்களும் இந்தத் துறைக்கு வருகிறார்கள். மண், நீர், புள்ளியியல் ஆகிய மூன்றில் இரண்டிலாவது பாடம் படித்திருப்பதை மதிப்பெண் பட்டியல் காட்ட வேண்டும்.

அரியர் வைத்துத் தேறியிருந்தால் அதை மறைக்க முயல வேண்டாம். டிரான்ஸ்கிரிப்ட்டில் (எல்லாப் பருவ மதிப்பெண்களையும் தொகுத்துத் தரும் சான்றில்) தேர்வெழுதிய மாதமும் ஆண்டும் தெரிந்துவிடும். காரணத்தை ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த செய்திக்குப் போவது நல்லது.

4. இடங்களைக் கேள்விக்கு ஏற்பத் தேர்ந்தெடுங்கள்

துறைக்கென்றே அமைந்த இடங்களில் முதலில் பார்க்க வேண்டியது, இஸ்ரேலில் பென்குரியன் பல்கலைக்கழகத்தின் ஸ்டே போக்கர் வளாகம். நெகேவ் பாலையின் நடுவில், ஆண்டுக்கு 100 மி.மீ. அளவே மழை பெறும் இடத்தில், பிளாஸ்டைன் பாலைவன ஆய்வு நிறுவனங்கள் இயங்குகின்றன. வறள்நில வேளாண்மை, நீர், சுற்றுச்சூழலும் ஆற்றலும் என மூன்று நிறுவனங்கள் அதற்குள் உண்டு. பாடமொழி ஆங்கிலம். அப்பகுதியின் பாதுகாப்பு நிலவரம் மாறிக்கொண்டே இருப்பதால், இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் அறிவுரைகளைப் படித்துவிட்டே முடிவெடுக்க வேண்டும். வீட்டில் உள்ளவர்களிடமும் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது.

அமெரிக்காவில் டூசான் நகரிலுள்ள அரிசோனா பல்கலைக்கழகம் வறள்நில வளங்கள் குறித்துத் தனி முனைவர் பட்டப் படிப்பே வைத்திருக்கிறது. அதன் பெயரைப் பார்த்து முதுநிலைக்கு விண்ணப்பிக்க முயல்கிறவர்கள் உண்டு. முதுநிலை வேண்டுவோர் அதே பல்கலைக்கழகத்தின் இயற்கை வளங்கள் துறையைப் பார்க்க வேண்டும். நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகத்தில் பன்னாட்டு நில, நீர் மேலாண்மை என்ற முதுநிலைப் படிப்பு உண்டு. கடல்நீர் ஏற்றம், நிலத்தடி நீர் என்று கேள்வி அமைந்தவர்கள், டெல்ஃப்ட், லிஸ்பன், டிரெஸ்டன் ஆகிய மூன்று நகரங்களின் நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கிய நிலத்தடி நீர்க் கூட்டுப் படிப்பையும் பார்க்கலாம்.

துனீசியாவின் மெதனினில் உள்ள வறண்ட பகுதிகள் நிறுவனமும் சீன அறிவியல் கழகத்தின் லான்சோ நிறுவனமும் ஐ.நா. பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து வறள்நில மேலாண்மைக்கென்றே ஒரு பன்னாட்டு முதுநிலைப் படிப்பை நடத்தியிருக்கின்றன. பழைய அறிவிப்புகள் இணையத்தில் அப்படியே கிடக்கும். சேர்க்கை நடப்பதை நிறுவனத்திடமே கேட்டு உறுதி செய்யாமல் எந்தக் கட்டணமும் செலுத்த வேண்டாம்.

நான்கு அல்லது ஐந்து இடங்களுக்கு மேல் போகாதீர்கள். அதற்கு மேல் போனால் எல்லா இடத்துக்கும் ஒரே கடிதம்தான் போகும்.

5. பேராசிரியருக்கு எழுதும் கடிதம்

ஆய்வேடு எழுத வேண்டிய படிப்பென்றால், வழிகாட்ட ஒருவர் இசைவது சேர்க்கையில் பெரிய பங்கு வகிக்கிறது. அதனால் விண்ணப்பத்துக்கு இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்பே எழுதத் தொடங்க வேண்டும்.

வழக்கமாகப் போகும் கடிதம் “மதிப்பிற்குரிய ஐயா, தங்களின் புகழ்பெற்ற பல்கலைக்கழகத்தில் பயில வேண்டும் என்பது என் நெடுநாள் கனவு” என்று தொடங்கி, பள்ளி மதிப்பெண் முதல் கட்டுரைப் போட்டிப் பரிசு வரை சொல்லி, “ஒரு வாய்ப்பு தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன்” என்று முடியும். அதே கடிதம் நூறு பேருக்குப் போகக்கூடியது என்பது பெறுபவருக்குத் தெரியும். சில நேரம் முந்தைய பேராசிரியரின் பெயரே மாறாமல் இருக்கும்.

மாறாக இப்படி அமையுங்கள். முதல் வரியில் அவருடைய எந்தக் கட்டுரையைப் படித்தீர்கள், அதில் எந்த முடிவு உங்கள் கேள்வியைத் தொடுகிறது என்பது. இரண்டாவதாக, “மீஞ்சூர்ப் பகுதிக் கிணறுகளில் மழைக்கு முன்பும் பின்பும் மின்கடத்துத்திறனை அளந்தேன், கடலோரக் கிணறுகளைவிட உட்பக்கக் கிணறு ஒன்றில் ஏற்றம் அதிகம், காரணம் புரியவில்லை” என்பது போன்ற ஒரு குறிப்பான செய்தி. மூன்றாவதாக, அடுத்த ஆண்டு மாணவர் எடுக்கிறாரா, நிதி உண்டா என்ற நேரடிக் கேள்வி. ஒரு பக்க அளவில் தன்விவரக் குறிப்பு இணைப்பாக. அவ்வளவுதான். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம். பிறகும் வரவில்லையென்றால் அடுத்தவருக்கு எழுதலாம்.

6. பணத்தின் விதிகளைப் படிக்கும் விதம்

உதவித்தொகை அறிவிப்பில் தொகையை முதலில் பார்க்காதீர்கள். அனுபவ நிபந்தனையை முதலில் பாருங்கள். ஜெர்மனியின் டி.ஏ.ஏ.டி. அமைப்பு வளரும் நாட்டினருக்கென நடத்தும் ஈபோஸ் திட்டம் பொதுவாக இரண்டாண்டுப் பணி அனுபவத்தைக் கேட்கிறது. கடைசிப் பட்டம் ஆறாண்டுக்கு மேல் பழையதாகவும் இருக்கக் கூடாது. பிரிட்டனின் செவனிங் உதவித்தொகை 2,800 மணி நேரப் பணி கேட்கிறது, படிப்பு முடிந்ததும் இரண்டாண்டுகள் தாய்நாட்டில் இருக்க வேண்டும் என்கிறது. அமெரிக்கப் படிப்புக்கான ஃபுல்பிரைட்-நேரு முதுநிலைத் திட்டம் மூன்றாண்டு அனுபவம் கேட்கிறது. இறுதியாண்டில் படித்துக்கொண்டே இவற்றுக்கு விண்ணப்பித்து, பதில் வரவில்லையே என்று வருந்துகிறவர்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு. இரண்டாண்டுகள் ஒரு நீர் அல்லது நிலத் திட்டத்தில் வேலை பார்த்துவிட்டு விண்ணப்பிப்பது இவர்களுக்கு ஏற்றது.

பணி அனுபவம் இல்லாதவர்கள், பல்கலைக்கழகமே தரும் உதவித்தொகை, பேராசிரியரின் ஆய்வு நிதி, மாதம் 1,400 யூரோ தரும் ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் கூட்டுப் படிப்புகள் ஆகியவற்றைப் பார்க்கலாம்.

பட்டியல் வகுப்பினர் உள்ளிட்டோருக்கு மத்திய சமூகநீதி அமைச்சகம் தரும் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையில் வயது 35-க்குள், குடும்ப ஆண்டு வருமானம் ரூ.8 லட்சத்துக்குள், தகுதிப் பட்டத்தில் 60 சதவீதம் என்பவை அடிப்படை நிபந்தனைகள். உலகத் தரவரிசையில் முதல் 500 இடங்களுக்குள் உள்ள பல்கலைக்கழகமாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை மட்டும் கவனமாகப் பாருங்கள். வறள்நிலத்துக்கென்றே உள்ள சிறிய நிறுவனங்கள் தரவரிசைக்குள்ளேயே வருவதில்லை. துறையில் மதிப்புள்ள இடமாக இருந்தும் பணம் கிடைக்காமல் போவது இதனால்தான். தமிழ்நாடு அரசின் ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறையும் வெளிநாட்டுப் படிப்புக்கு உதவுகிறது. இரண்டுக்கும் அந்தந்த ஆண்டு அறிவிப்பைப் படித்தே விண்ணப்பிக்க வேண்டும். வருமானச் சான்றையும் சாதிச் சான்றையும் இ-சேவை மையத்தில் முன்னதாகவே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வங்கிக் கடன் என்றால், தொகை ரூ.7.5 லட்சத்தைத் தாண்டும்போது பிணையாகச் சொத்து கேட்பது வழக்கம். நம் பகுதியில் பலரும் குடியிருப்பது அரசு வாரியம் ஒதுக்கிய வீடுகளில். ஒதுக்கீட்டு ஆணை மட்டும் இருந்து விற்பனைப் பத்திரம் பதிவாகாத வீட்டை வங்கி பிணையாக எடுத்துக்கொள்ளாது. இந்தச் செய்தியைச் சேர்க்கைக் கடிதம் வந்த பிறகு வங்கி மேசையில் கேட்டுத் தெரிந்துகொள்வதைவிட, இப்போதே பத்திரத்தை எடுத்துப் பார்த்துவிடலாம். ஜே.என். டாட்டா அறக்கட்டளை தருவதும் கடன் உதவித்தொகைதான். அதைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்பதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

7. பெயர், பாஸ்போர்ட், சான்றிதழ்

இந்த வேலையை முதல் மாதத்திலேயே தொடங்குங்கள். மதிப்பெண் பட்டியலில் ‘கலைச்செல்வி மு’ என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் முதலெழுத்தாக எழுதாமல் அதை விரித்து எழுத வேண்டும் என்பதால் அங்கே ‘கலைச்செல்வி முருகன்’ ஆகும். ஆதாரில் ஆங்கில எழுத்துக்கூட்டல் மூன்றாவது விதமாக இருக்கும். குடும்பப்பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டவர்களுக்கு அமெரிக்க விசாவில் சொந்தப் பெயரே குடும்பப்பெயராகி, முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்.என்.யு.’ என்று அச்சாகிவிடும். முதல் பெயர் தெரியவில்லை என்பதற்கான குறி அது. பிறகு வங்கிக் கணக்கு, ஓட்டுநர் உரிமம் என எல்லாவற்றிலும் அது தொடரும்.

எனவே தந்தை அல்லது தாய் பெயரைக் குடும்பப்பெயர்க் கட்டத்தில் வைத்து முதலில் பாஸ்போர்ட்டை எடுங்கள். ஆங்கிலத் தேர்வுக்கும் விண்ணப்பத்துக்கும் அதே எழுத்துக்கூட்டலைப் பின்பற்றுங்கள். தேர்வு அறையில் பாஸ்போர்ட்டையும் பதிவுப் பெயரையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். வாடகை வீட்டில் இருப்பவர்கள் போலீஸ் விசாரணை முடியும்வரை முகவரி மாறாமல் பார்த்துக்கொள்ளவும்.

டிரான்ஸ்கிரிப்ட் யாரிடம் வாங்குவது என்பதிலும் குழப்பம் வரும். தன்னாட்சிக் கல்லூரியில் படித்தவர்கள் அந்தக் கல்லூரியின் தேர்வுக் கட்டுப்பாட்டாளர் அலுவலகத்தை அணுக வேண்டும். தன்னாட்சி இல்லாத இணைப்புக் கல்லூரியில் படித்தவர்கள் சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தை அணுக வேண்டும். உறையிட்டு முத்திரை வைத்த பிரதிகள் சிலவற்றைக் கூடுதலாகவே கேட்டு வாங்குங்கள்.

8. பரிந்துரைக் கடிதமும் ஆங்கிலத் தேர்வும்

அரசுக் கல்லூரி ஆசிரியர்கள் பலர் ஜிமெயில் முகவரியையே பயன்படுத்துகிறார்கள். வெளிநாட்டு விண்ணப்பத் தளங்கள் நிறுவன முகவரியைக் கேட்கும்போது சிக்கல் வருகிறது. கல்லூரி முதல்வர் வழியாக நிறுவன முகவரி ஒன்றைப் பெற்றுத் தருமாறு ஆசிரியரிடம் முன்கூட்டியே கேளுங்கள். அது முடியாவிட்டால், கல்லூரி இணையதளத்தில் அவருடைய ஜிமெயில் முகவரி இடம்பெற்றிருக்கும் பக்கத்தைச் சேர்க்கை அலுவலகத்துக்குச் சுட்டிக் காட்டலாம்.

பரிந்துரைக் கடிதம் கேட்டால், “நீயே எழுதிக் கொண்டு வாம்மா, கையெழுத்துப் போடுகிறேன்” என்று ஆசிரியர்கள் சிலர் சொல்வார்கள். அதற்குப் பதில் உங்கள் களக் குறிப்பையும் கேள்வியையும் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்து, அதை வைத்து அவரையே எழுதச் சொல்லுங்கள். வெவ்வேறு ஆசிரியர்களின் கடிதங்கள் ஒரே நடையில் இருந்தால் படிப்பவருக்கு உடனே தெரிந்துவிடும்.

ஐ.இ.எல்.டி.எஸ்., டோஃபல் மதிப்பெண்கள் இரண்டாண்டுகள் செல்லும். மிக முன்னதாக எழுதிவிட்டு, உதவித்தொகைக்காக ஓராண்டு காத்திருந்து, மதிப்பெண் காலாவதியாகி மறுபடி கட்டணம் கட்ட நேர்வது உண்டு.

9. விசா

நாட்டுக்கு நாடு வேறுபடும். ஜெர்மனிக்குச் சொந்தச் செலவில் செல்பவர் முதலில் தன் கல்விச் சான்றுகள் சரிபார்க்கப்பட்டதற்கான ஏ.பி.எஸ். சான்றிதழ் பெற வேண்டும். 2022 நவம்பர் முதல் இந்திய மாணவர்களுக்கு அது கட்டாயம். அதோடு முடக்கக் கணக்கில் (மாதந்தோறும் ஒரு பகுதியை மட்டுமே எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கில்) ஓராண்டுச் செலவுக்கான தொகையைக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரில் அது 11,904 யூரோ என்று உயர்த்தப்பட்டது. நெதர்லாந்துக்குப் பல்கலைக்கழகமே மாணவருக்காக விண்ணப்பிக்கிறது. அமெரிக்காவுக்குப் பல்கலைக்கழகம் சேர்க்கைக்குச் சான்றாக அனுப்பும் ஐ-20 படிவம் வந்ததும், வெளிநாட்டு மாணவர் பதிவு முறைக்கான செவிஸ் கட்டணமாக 350 டாலர் செலுத்திவிட்டு, அண்ணா சாலையிலுள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேர்காணலுக்குத் தேதி எடுக்க வேண்டும். இஸ்ரேலுக்கு ஏ/2 மாணவர் விசா. தென்னிந்தியாவுக்கான அதன் துணைத் தூதரகம் பெங்களூருவில் இருக்கிறது.

நேர்காணலில் “ஏன் இந்தப் படிப்பு?” என்று கேட்டால், இரண்டாம் படியில் எழுதிய கேள்வியையே இரண்டு வாக்கியங்களில் சொல்லுங்கள். மனப்பாடம் செய்த பதில் இடையில் நின்றுவிடும்.

10. புறப்படும் முன் களப் பருவத்தைக் கணக்கிடுங்கள்

வறள்நில ஆய்வேட்டில் நேரத்தை முடிவு செய்வது மழை. நெகேவில் மழை அக்டோபர் முதல் ஏப்ரல் வரைக்குள், பெரும்பாலும் குளிர்காலத்தில் பெய்கிறது. டூசானில் குளிர்கால மழையோடு, ஜூன் நடுப்பகுதி முதல் செப்டம்பர் வரை கோடைப் பருவமழையும் உண்டு. இரண்டாண்டுப் படிப்பில் பாட வகுப்புகளை முடித்துவிட்டுக் களத்துக்குப் போகலாம் என்று இருந்தால், உங்களுக்குக் கிடைப்பது ஒரே ஒரு மழைக்காலம். அந்த ஆண்டு மழை பொய்த்தால் தரவும் இல்லை.

அதனால் சேர்க்கை உறுதியானதும், முதல் பருவத்திலேயே ஒருமுறையாவது அளவெடுக்க இடம் தர முடியுமா என்று வழிகாட்டும் பேராசிரியரிடம் கேளுங்கள். அதற்குரிய கருவிகள் அங்கே உண்டா, களத்துக்குப் போக வண்டி யார் ஏற்பாடு செய்வார்கள், ஓட்டுநர் உரிமம் தேவைப்படுமா என்பதையும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள். உரிமம் தேவை என்றால், இங்கே கற்றுக்கொண்டு உரிமம் வாங்கவும், அதை வைத்துப் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி பெறவும், விசாவுக்குக் காத்திருக்கும் மாதங்கள் போதும்.